பதினோராம் மாடிப் படிக்கட்டு

நகரத்தின் நட்டநடுவில் நின்ற அந்தக் கட்டடத்தில் இல்லாதது எதுவும் கிடையாது. மண்ணுக்கடியில் மூன்று அடுக்குக்குக் கார்கள், அதற்கு மேல் நான்கு தளம் கடைகள், அதற்கும் மேல் ஆபீஸ்கள், உச்சியில் வசதிக்காரர்களின் வீடுகள். ஒருத்தன் மனசு வைத்தால் வெளியே எட்டிப் பார்க்காமலே காலம் தள்ளிவிடலாம், அப்படியொரு பூதம். அதற்குள் தினமும் ஐந்தாறு பேராவது காணாமல் போவார்கள். தரைத்தளத்து விசாரணை மேஜையில் உட்கார்ந்து, மைக்கில் அடையாளம் சொல்லி அவர்களைத் தேடிக் கொடுப்பவளை எல்லாரும் மைக் அக்கா என்பார்கள்.

அவள் வேலையில் பேரால் பிரயோஜனம் இல்லை, உடுப்புதான் கணக்கு. சிவப்புச் சட்டை, மஞ்சள் கவுன் என்று சொன்னால்தான் காவலாளிகளின் கண்ணில் படும். பதறிக்கொண்டு வருகிற தாய்மார்களை முதலில் தண்ணீர் குடிக்க வைப்பாள். பிறகு கேட்பாள், "மேல ஸ்வெட்டர் கிவெட்டர் ஏதாவது போட்டிருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." ஒருத்தரையும் இந்தக் கேள்வி கேட்காமல் விட்டதில்லை.

அன்றைக்கு அம்மாவையும் வேலைக்குக் கூட்டி வந்திருந்தாள். பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுக்காரி வெளியூர் போய்விட்டாள், வேறு என்ன செய்ய? அம்மாவுக்கு ஞாபகம் தப்பி ஒன்றரை வருஷம் ஆகிறது. பெற்ற மகளையே சில நாள் "நீங்க யாரு கண்ணு?" என்று மரியாதையாகக் கேட்பாள். இதே கட்டடத்தில் பதினெட்டு வருஷம் கூட்டித் துடைத்தவள் அவள். மகளுக்கு இந்த மேஜை கிடைத்ததே, அம்மா நடையாய் நடந்து மேனேஜரிடம் கேட்டு வாங்கியதால்தான்.

பன்னிரண்டரை மணிக்கு, மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்து அம்மாவுக்குச் சர்க்கரை ஊசி போட்டாள். ஊசி போட்டால் கால்மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கி ஆளையே சாய்த்துவிடும். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போகிற நேரம் பார்த்து, பிள்ளையைத் தொலைத்த ஒரு தகப்பன் அழுதுகொண்டே ஓடி வந்தார். மைக்கை எடுத்தாள், அறிவித்தாள், பிள்ளை பொம்மைக் கடையில் கிடைத்தது. அவர் நன்றி சொல்லி முடித்துப் போன பிறகு திரும்பினால், அம்மாவின் நாற்காலி காலி.

பச்சைச் சேலை, நரைத்த கொண்டை, அறுபத்தெட்டு வயசு, சாப்பிடாமல் இருக்கிறார், பார்த்தவர்கள் உடனே அழைத்து வரவும். எத்தனையோ பேருக்காகப் பேசிய மைக்கில் இப்போது தன் அம்மாவுக்காக இதைச் சொன்னாள். கேமரா அறைக்காரர் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுத் திரை திரையாகப் பச்சைச் சேலையைத் தேடினார். ஒன்பது பேர் அகப்பட்டார்கள். ஒருத்தியும் அம்மா இல்லை.

அம்மா எங்கே போயிருப்பாள் என்று இப்போது யோசித்தால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பதினெட்டு வருஷமாக உள்ளே நுழைந்ததும் அவள் செய்த முதல் காரியம், அடித்தளத்து உடுப்பறைக்குப் போய், ஆணியில் தொங்கும் நீலக் கோட்டைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, துணித் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொள்வதுதான். புத்தி மறந்தாலும் கால் மறக்கவில்லை. பச்சையும் மறைந்தது, நரையும் மறைந்தது. காவலாளிகளுக்குப் பக்கத்திலேயே வாளியும் கையுமாகப் போயிருக்கிறாள். ஒருவன் ஒதுங்கி வழிகூட விட்டிருக்கிறான். நீலக் கோட்டுக்காரிகளின் முகத்தை அந்தக் கட்டடத்தில் யார் ஏறிட்டுப் பார்த்தார்கள்? ஊரையெல்லாம் ஸ்வெட்டர் கேள்வி கேட்ட மகளும், தன்னை அதைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒன்று இருபதுக்கு மேஜையில் தொலைபேசி அடித்தது. கிடைத்துவிட்டாள் என்றுதான் பாய்ந்து எடுத்தாள். பேசியவர் பதினோராம் மாடி ஆபீஸ்காரர்.

"உங்க க்ளீனிங் பொம்பள ஒருத்தி பின்பக்கப் படிக்கட்டுல உக்காந்து நல்லாத் தூங்குறா. கூப்பிட்டாக்கூட அசைய மாட்டேங்குறா. தூங்குறதுக்கா சம்பளம்?"

புகார் வந்தால் நோட்டில் எழுதி உடனே சூப்பர்வைசருக்குச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அன்றோடு சீட்டுக் கிழிந்தது. முன்பு ஒருமுறை காய்ச்சலோடு வேலைக்கு வந்த அம்மா வாளிக்குப் பக்கத்தில் கண்ணசந்துவிட்டாள் என்று ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு வாரமும் அம்மா யார் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தது மகளுக்கு இன்னும் ஆறவில்லை.

"பாவம் சார், விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு வர்றவங்க. கொஞ்ச நேரம் தூங்கட்டும். நான் பாத்துக்கறேன்" என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே வைத்துவிட்டார். நோட்டை அவள் திறக்கவே இல்லை. தான் தவித்துக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் யாரோ ஒருத்தியைக் காப்பாற்றிவிட்டோம் என்று மனசு கொஞ்சம் லேசானது. உடனே மைக்கை எடுத்து மறுபடியும் பச்சைச் சேலை என்றாள். மூன்று மணி வரைக்கும், குரல் கம்மிப்போகும் வரைக்கும் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மூன்று மணிக்கு அடுத்த ஷிஃப்டுப் பெண்கள் படிக்கட்டுக்குப் போனார்கள். அம்மாவோடு முன்னே வேலை பார்த்த ஒருத்தி தொப்பியை விலக்கிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். மகள் ஓடி வந்து கன்னத்தைத் தொட்டபோது ஜில்லென்று இருந்தது. மேல்படியிலிருந்து அம்மா உட்கார்ந்திருந்த படி வரைக்கும் பளிச்சென்று துடைத்திருந்தது. அதற்குக் கீழே எல்லாம் தூசி.

ஆம்புலன்ஸில் வந்த டாக்டர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை மெதுவாகக் கீழே வைத்தார். ஒன்றரை மணி வாக்கில் குளுக்கோஸ் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பார் என்றார். சூப்பர்வைசர் அம்மாளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"இத்தன ஆபீஸ் இருக்கு, எத்தன பேரு ஏறி எறங்கியிருப்பாங்க. ஒரு ஆளுக்காவது ஒரு ஃபோன் பண்ணணும்னு தோணுச்சா? மனுஷங்களா இவங்கல்லாம்?"

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் மேல்மாடிக்காரர்களைச் சபித்தார்கள். மைக் அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நோட்டில் ஒன்றும் இல்லை, யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. அவள் அம்மாவின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"திட்டாதீங்கக்கா. ஒருத்தர் பண்ணுனாரு. தூங்கட்டும் விடுங்கன்னு நான்தான் சொன்னேன்."