மேடை இல்லாத தீவு

பேருந்து கடலோர ஊரான மண்டபத்தில் நின்றதும் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. இராமேசுவரத்தில் முழுகிப் பாவம் தொலைக்க விரும்பியவர்கள் பாம்பன் பாலத்தைக் கடக்கும் ரயிலைப் பிடிக்க ஓடினார்கள். தொலைப்பதற்குப் பாவம் எதையும் சேர்த்து வைக்காதவர்கள், அல்லது சங்கத்தின் மானத்துக்காக அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள், ஆளில்லாத் தீவு ஒன்றைப் பார்க்கப் படகில் ஏறினார்கள். ஆம்பூர்த் தோல் தொழிலாளர் சங்கம் 1978 மாசியில் நடத்திய சுற்றுலா அது.

படகின் முனையில் சங்கத்துப் பேச்சாளன் இன்பசேகரன் நின்றுகொண்டிருந்தான். நிற்க வேண்டிய தேவை எதுவும் இல்லை. நாலு முகங்களை ஒருசேரக் கண்டால் எழுந்து நிற்பது அவன் கால்களின் பழக்கம்.

"இன்னா தலைவரே, கடலுக்கும் லெக்சர் குடுக்கப் போறியா? குந்துப்பா, படகு ஆடுது" என்றார் ஷபீ அஹமது. இருவரும் ஒரே தொழிற்சாலையில் தோல் பதனிடும் பெரிய மர உருளைகளை ஓட்டுபவர்கள், பத்தாண்டுத் தோஸ்த்.

"மீனுங்களாவது கேக்கட்டும் பாய்."

"மீனுக்குக் காது கெடையாது. அதான் இவ்ளோ நிம்மதியா கீது" என்றாள் அதே தொழிற்சாலையின் மூத்த தொழிலாளி எல்லம்மா.

எல்லம்மாவின் அருகே, முழங்காலைக் கட்டிக்கொண்டு விஜயகுமாரி அமர்ந்திருந்தாள். அதே வளாகத்தில் காலணியின் மேல்தோல் தைப்பவள். வயது இருபத்தாறு. உடுத்தியிருந்தது வெள்ளைப் பருத்திச் சேலை. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவள் கணவன் சம்பத், வேறொரு தொழிற்சாலையின் கழிவுக் குழியில் அடைப்பெடுக்க இறங்கினான், உயிரோடு ஏறவில்லை. அன்று ஊர் கூடியது. கூடி, அவளிடமிருந்து பூவைப் பறித்தது, பொட்டைப் பறித்தது, வண்ணத்தைப் பறித்தது. குழிக்குள் அவனை இறக்கியவர்களிடமிருந்து ஊர் ஒரு துரும்பையும் பறிக்கவில்லை.

தன்னை மணந்துகொள்ள அவளுக்குச் சம்மதமா என்று கார்த்திகையில் இன்பசேகரன் கேட்டிருந்தான். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். அவள் யோசித்துக்கொண்டிருந்தது ஒன்றே ஒன்றைத்தான்: இந்த மனிதனுக்கு வேண்டியது நானா, அல்லது ஒரு விதவையா?

கரை மறைந்து, நீரின் நிறம் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறிய நேரத்தில் ஷபீ அஹமது மகிழ்ச்சி தாங்காமல் வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, உனுக்குத் தெரியுமா? நம்ம பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டு செவுத்துல எழுதிட்டாங்க. நாம கெளம்புன அன்னிக்கு சாயங்காலம். ராத்திரி பஸ்ஸுக்குன்னு நீ ஆம்பூர்ல எல்லம்மா வூட்டுலயே தங்கிட்ட, அதான் பாக்கல. ஆள் ஒசரம் எழுத்து! விதவை விஜயகுமாரி மறுமண மாநாடுன்னு. சூப்பரா கீது!"



"நான் எப்போ சரின்னு சொன்னேன்?" என்றாள் விஜயகுமாரி.

இன்பசேகரன் முதல் முறையாக உட்கார்ந்தான். "இயக்கத் தலைவர் தேதி குடுத்துட்டார். அந்தத் தேதிய விட்டா ஆவணிதான். நீங்க மறுக்க மாட்டீங்கன்னு..."

சடங்கில்லாத் திருமணங்களை மேடையேற்றும் அவன் இயக்கத்தின் வழக்கம் அப்படி. முதலில் தலைவரிடம் தேதி வாங்குவார்கள். அடுத்து நல்ல சுவராகப் பார்த்துப் பிடிப்பார்கள். மணமக்களைக் கேட்பது அதற்கும் அடுத்து. சடங்குகளை எரிக்கப் புறப்பட்டவர்கள் தமக்கென்று ஒரு சடங்கை வளர்த்துவிட்டிருந்தார்கள். அவன் அதைத் தவறென்று ஒருநாளும் எண்ணியதில்லை.

படகு மணலில் உரசி நின்றதும் விஜயகுமாரி முதலில் இறங்கி, எவரையும் திரும்பிப் பாராமல் நடந்தாள்.

அந்தத் தீவில் தெரு இல்லை. தெரு இல்லாததால் மேலத்தெருவும் இல்லை, கீழத்தெருவும் இல்லை. கிணறு இல்லை, ஆகவே கிணற்றிலிருந்து விரட்டப்பட்டவரும் இல்லை. கோயில் இல்லை, கொட்டகை இல்லை, ஒட்டிய சுவரொட்டியைத் தாங்க ஒரு சுவர் இல்லை. வெண்மணல் இருந்தது. மணலின் மேல் அடும்பங்கொடி ஊதா நிறத்தில் பூத்துக் கிடந்தது. எவள் அதைச் சூடலாம், எவள் சூடக் கூடாது என்ற சட்டத்தை அந்தக் கொடிக்கு யாரும் படித்துக் காட்டியிருக்கவில்லை. காற்று தாழம்புதருக்குள் நுழைந்து வெளியே வந்தது. அவ்வளவு வெளிச்சத்திலும் கண் சொக்கியது. தூக்கத்துக்குள் நடப்பவளைப் போல அவள் தீவைச் சுற்றிக்கொண்டு மறுகரைக்கு வந்தாள்.

சற்று நேரத்தில் படகோட்டி அங்கே வந்து சேர்ந்தார். அவர் கையில், அடியில் கண்ணாடி பதித்த மரப்பெட்டி ஒன்று இருந்தது.

"இதை நீருக்கு மேல அமுக்கிப் பாரு தாயி. மணல்லயே நில்லு, கல்லுல கால வச்சா கிழிச்சுப்புடும்."

நீருக்குள் இறங்க அவளுக்கு அச்சமாக இருந்தது. அவள் அறிந்த தண்ணீர் வேறு. தோல் ஊறும் தொட்டி எதற்கும் அடி தெரியாது. பாலாற்றங்கரையில் தேங்கிய நீர் நீலமாக இருந்தால் ஒரு நஞ்சு, பழுப்பாக இருந்தால் இன்னொரு நஞ்சு. நிறம் கொண்ட நீரைக் கண்டால் பிள்ளையை இழுத்துக்கொண்டு விலகிப் போகும் ஊரில் பிறந்தவள் அவள். அடி தெரியாத ஒரு குழிதான் சம்பத்தை விழுங்கியது.

இங்கே அடி தெரிந்தது. இடுப்பளவு நீரில், தன் பாதவிரல்கள் பத்தும் தெரிந்தன. அவள் பெட்டியை அமுக்கிக் குனிந்தாள்.

மான்கொம்பு போலக் கிளைத்த பவளங்கள். கொம்பு ஒவ்வொன்றின் நுனியிலும் யாரோ இப்போதுதான் தொட்டு வைத்ததைப் போல ஊதாப் பொட்டு. பாறை இடுக்கில் செம்மஞ்சளாக, கனகாம்பரத்தை அள்ளிக் கொட்டியதைப் போல ஒரு பவளப் படுகை. மஞ்சள் கோடிட்ட மீன்கள் அதனிடையே புகுந்து, அவளைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் கடந்து போயின. அலை வந்தபோது அந்த உலகம் முழுவதும் மெல்லச் சாய்ந்தது. அலை போனபோது நிமிர்ந்தது. அவளும் சாய்ந்து நிமிர்ந்தாள். தன் வெள்ளைச் சேலை நீரில் விரிந்து மிதப்பதையும், அதன் மேல் ஒளி பச்சையும் மஞ்சளுமாக வலை பின்னுவதையும் கண்டாள். வண்ணம் உடுத்த யாருடைய அனுமதியையும் அந்த ஒளி கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்கே தெரியாது.

"அந்தக் கனகாம்பர நெறப் பவளத்துல ஒண்ணு எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

"உசுரு உள்ளது தாயி" என்றார் படகோட்டி. "வெளிய எடுத்தா செத்துப் போயி வெளுத்துரும். கடையில பாத்திருப்பியே, வெள்ளை வெள்ளையா. சனங்க அதத்தான் அழகுன்னு வாங்கிட்டுப் போறாக, அலமாரியில வைக்க."

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

படகோட்டி நகர்ந்ததும் இன்பசேகரன் வந்தான். வேட்டியை மடித்துக் கட்டி நீரில் இறங்கி, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"விஜயா, ஆயிரமாண்டு அடிமைத்தனத்தை ஒரு மேடையில் உடைத்தெறியும் வாய்ப்பு..."

"இங்க மைக் இல்ல, தோழரே."

அவன் உயர்த்திய கையை இறக்கினான்.

"நாலு வருசமா ஊரு என்னை விதவைன்னுது. வாயால சொல்லிச்சு. நீங்க செவுத்துல எழுதிட்டீங்க. இன்னா வித்தியாசம்?"

பதில் அவனிடம் இருந்தது. நூறு கூட்டங்களில் கைதட்டு வாங்கிய பதில் அது. அதை எடுக்க வாயைத் திறந்தவன், அது எங்கோ கரையிலேயே தங்கிவிட்டதை உணர்ந்தான்.

அவள் பெட்டியை அவன் கையில் கொடுத்தாள். "பாருங்க. பேசாம பாருங்க."

அவன் குனிந்தான். நெடுநேரம் நிமிரவில்லை. நிமிர்ந்தபோது அவன் குரல் அவனுக்கே அந்நியமாக, பக்கத்திலிருப்பவருக்கு மட்டும் கேட்கும் அளவில் வந்தது.

"மத்தியானம் பேக்டரி வேப்பமரத்தடியில சோத்து டப்பாவத் தொறப்பீங்க. மொதல் கை எல்லம்மாக்காவுக்கு எடுத்து வெப்பீங்க. அப்புறம் ஊறுகாய மட்டும் ஒளிச்சு வெச்சுப்பீங்க. தெனமும் பாப்பேன்."

விஜயகுமாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஊறுகாயக்கூடவா?"

"எலுமிச்சங்கா."

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள்: "செவுத்த இன்னா பண்ணப் போறீங்க?"

"மூணு ஊருலேர்ந்து ஆளுங்க வர்றாங்க. தலைவர் வர்றார். இப்போ நிறுத்தினா இனிமே என்னை எந்த மேடையிலயும் ஏத்த மாட்டாங்க."

"அப்போ அந்த மேடையவே கட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு அவள் கரையேறினாள். ஒரு அடும்பம்பூவைப் பறித்தாள், சூடவில்லை, உள்ளங்கையில் வைத்தபடியே படகுக்குப் போனாள். திரும்பும் வழியில் இன்பசேகரன் உட்கார்ந்தே வந்தான்.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, வேலைக்குப் போகும் பேருந்தைப் பிடிக்கப் பேரணாம்பட்டு நிலையத்துக்கு வந்தாள் விஜயகுமாரி. நிலையத்துச் சுவரின் முன்னே கூட்டம் கூடியிருந்தது. பலகை ஒன்றின் மேல் ஏறி நின்று, இன்பசேகரன் நார் நைத்த மட்டையால் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தான். 'விதவை' போய்விட்டது. அவள் பெயர் பாதி போய்விட்டது. தோலில் மயிர் நீக்கப் பயன்படும் தொழிற்சாலைச் சுண்ணாம்பு. வாளியோடு சுமந்து வந்திருந்தான். இத்தனை பேர் தன்னைப் பார்த்து நிற்கும்போது அவர்களுக்கு முதுகைக் காட்டி அவன் நின்றது வாழ்வில் அதுவே முதல் முறை.

"இன்னா தோழரே, மாநாடு கேன்சலா?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஆமாங்க."

கூட்டம் மேலும் எதையோ எதிர்பார்த்துக் காத்தது. எதுவும் வரவில்லை. மெல்லக் கலைந்தது.

விஜயகுமாரி பலகையின் அருகே வந்தாள். "தலைவர்?"

"கோவிச்சுக்கிட்டார். இனிமே கூட்டத்துக்கெல்லாம் வேற பேச்சாளராம்."

"உங்களுக்கு வருத்தமில்லியா?"

"தொண்டைக்கு நல்லது" என்றான் அவன். சிரிக்க முயன்றான், கண்கள் சிவந்திருந்தன. சுண்ணாம்பாகவும் இருக்கலாம்.

ஆம்பூர்ப் பேருந்து வந்தது, ஒலி எழுப்பியது, கிளம்பிப் போனது. அவள் ஏறவில்லை. நிலையத்து வாசலில் கூடையோடு இருந்த பூக்காரியிடம் போய், ஒரு முழம் கனகாம்பரம் கேட்டாள். பூக்காரி அவளுடைய வெள்ளைச் சேலையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு முழத்துக்கு மேலேயே அளந்து கிள்ளினாள். யாரும் தலைமை தாங்கவில்லை, யாரும் முன்மொழியவில்லை. ஊர் பார்த்துக்கொண்டிருக்க, கடலடியில் கண்ட அந்த நிறத்தை விஜயகுமாரி தன் கையாலேயே தலையில் சூடிக்கொண்டாள்.

இன்பசேகரன் மட்டையை வாளிக்குள் வைத்துவிட்டுப் பலகையிலிருந்து இறங்கினான். தரையில் நின்றான்.

"இப்போ ஏதாவது சொல்லலாமா?"

"சொல்லுங்க" என்றாள் அவள். "மெதுவா."