பூட்டில்லாத பேனாக்கத்தி

அந்த வீட்டில் யார் பேருக்குப் பார்சல் வந்தாலும், முதலில் கையில் கிடைத்தவர்தான் பிரிப்பார். அது தப்பு என்று அங்கே ஒருவருக்கும் தோன்றியதில்லை. இளைய மருமகளுக்கு வந்த செருப்பை மாமனார் பிரித்து, "அளவு சின்னதா இருக்கேம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உள்ளாடைப் பொட்டலத்தை மாமியார் பிரித்து, கூடத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தையலைப் பார்த்திருக்கிறார். கீழே கடை, மேலே வீடு, கடைக்கும் கீழே கிடங்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இளையவளின் வாழ்க்கை இந்த ஒரே கட்டடத்துக்குள் ஏறுவதும் இறங்குவதுமாகவே போய்க்கொண்டிருந்தது. திரைச்சீலைக் கடை. ஊரிலிருக்கும் ஜன்னல்களுக்கெல்லாம் துணி வெட்டிக் கொடுத்துவிட்டு அவள் ஜன்னலே இல்லாத கிடங்கில் பாதி நாளைக் கழித்தாள்.

அதனால் இந்த முறை பார்சல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு வரும்படி ஏற்பாடு செய்திருந்தாள். எல்லோரும் மாடிக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். பெட்டியை வாங்கியவள் கடை வேலைக்காகப் போட்டிருந்த மேலங்கியின் பைக்குள் திணித்துக்கொண்டு, பூனை மாதிரி கிடங்குப் படிகளில் இறங்கினாள்.

உள்ளே எண்ணெய்த்தாளில் சுற்றி ஒரு பேனாக்கத்தி இருந்தது.

போனில் படத்தைப் பார்த்து மயங்கி வாங்கியது. கடையில் கத்தரிக்கோல்கள் காணாமல் போகாதபடி வெட்டுமேஜையின் காலோடு கயிறு போட்டுக் கட்டப்பட்டிருக்கும். கிடங்கில் துணிச் சுருள்களின் கட்டை அவிழ்க்க அவளுக்குப் பல்தான் கத்தி. ஒரு பல்லின் ஓரம் ஏற்கெனவே சில்லு பெயர்ந்திருந்தது. 'வேலைக்குத்தானே' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும், வேலைக்கு மட்டும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். யாரும் எடுத்துப் பார்க்காத, யாரும் அளவு சொல்லாத ஏதாவது ஒன்று அவளிடம் இருக்கவேண்டும் என்றிருந்தது.

முதலில் வந்தது ஏமாற்றம்தான். படத்தில் பெரிதாகத் தெரிந்தது. கையில் விரல் நீளம்கூட இல்லை. ஆனால் கனம் இருந்தது. இருபுறமும் கருங்கொம்புப் பிடி, அதன் ஓரமெல்லாம் பித்தளைக் கோடு, தையல் மெஷினுக்கு விடும் எண்ணெயின் வாசனை. அலகின் முதுகோரத்தில் நகம் வைக்கப் பிறை போல ஒரு பள்ளம். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்துபோன அவள் நகத்துக்கு அது பிடி கொடுக்கவில்லை. வழுக்கியது. கட்டைவிரல் நகத்தை ஆழமாகப் பதித்து இழுத்தாள். பிடிவாதக்காரப் பிள்ளையைப் பாயிலிருந்து எழுப்புகிற மாதிரி, அலகு முறுக்கிக்கொண்டே வந்து பாதியில் 'டக்' என்று நின்றது. இன்னும் இழுத்தாள். மறுபடி 'டக்'. முழுசாக நிமிர்ந்துவிட்டது. ஆட்டிப் பார்த்தாள், அசைவே இல்லை.

திரும்ப மடக்க எங்கேயாவது பொத்தான் இருக்கும் என்று தேடினாள். பொத்தானும் இல்லை, பூட்டும் இல்லை. முதுகில் ஒரு வில் மட்டும் அலகை அழுத்திப் பிடித்திருந்தது. லேசாகத் தள்ளியதும் அந்த வில்லே திடீரென்று கட்சி மாறி அலகை உள்ளே இழுத்துக்கொண்டது. விரலை எடுத்திருக்காவிட்டால் ரத்தம் பார்த்திருக்கும்.

"இதை நம்பி எதை வெட்டறது?" என்று வாய்விட்டே சொன்னாள்.

"எதை வெட்டணும்?"

படியில் மூத்தவள் நின்றிருந்தாள். அவளுடைய ஓரகத்தி, கணவனின் அண்ணன் மனைவி. கிடங்குச் சாவி, பீரோச் சாவி, சமையலறை அலமாரிச் சாவி எல்லாம் அவள் இடுப்பில்தான். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். சண்டை என்று ஒருநாளும் வந்ததில்லை. சண்டை போடும் அளவுக்குக்கூட மூத்தவள் அவளிடம் பேசியதில்லை. பார்ப்பாள், அவ்வளவுதான். எத்தனை முறை மாடியேறினாள், போனில் யாரிடம் சிரித்தாள் எல்லாவற்றையும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இளையவளின் கை தானாகப் பைக்குள் போயிற்று. "ஒண்ணுமில்லக்கா. கயிறு அவுக்க வரல."

"சாப்பிட வராம இங்க என்ன கயிறு? மேல ஆள் வந்து காத்துட்டிருக்காங்க. பச்சை வெல்வெட் வேணுமாம். ஒரு கை பிடி."

வெல்வெட் சுருள் ஆள் உயரம், பிணக் கனம். இருவரும் சேர்ந்து இழுத்துச் சரக்கு லிஃப்டில் சாய்த்தார்கள். கிழட்டு லிஃப்ட். முன்பக்கம் இரும்புக் கிராதிக் கதவு மட்டும். ஏறும்போது கிராதிக்கு அந்தப் பக்கம் மொட்டைச் சுவர் நகர்ந்துபோகும். மேலே யாராவது பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் ஓடும். உள்ளே இருந்த சிவப்பு நிறுத்தப் பொத்தான் செத்துப் பல காலம். மூத்தவள் கிடங்குக் குளிருக்காகக் கம்பளிச் சால்வையைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தாள்.

"ஏத்துங்க!" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

லிஃப்ட் முக்கிக்கொண்டு கிளம்பியது. இளையவள் பைக்குள் கத்தியை விரலால் தடவியபடி, மூத்தவள் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. "ஏய்" என்று மட்டும் மூத்தவள் சொன்னாள். அடுத்த கணம் யாரோ பிடரியைப் பிடித்து இழுத்த மாதிரி கிராதிமேல் போய் மோதினாள். சால்வையின் தொங்கல் கிராதி இடுக்கு வழியாக வெளியே போய்ச் சுவரில் துருத்திக்கொண்டிருந்த ஏதோ ஆணியில் மாட்டியிருக்க வேண்டும். லிஃப்ட் மேலே போகப் போகச் சால்வை அவளைக் கீழே இழுத்தது. முழங்கால் மடங்கி உட்கார்ந்தாள். கன்னம் இரும்பில் அழுந்தியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்கப்பா!" இளையவள் அலறினாள்.

விளக்கு அணைந்தது. லிஃப்டும் நின்றது. கரண்ட் போயிருந்தது.

"அக்கா?"

"ம்ம்." மூச்சு இழுக்கும் சத்தம் ஓட்டை விசில் மாதிரி வந்தது. "முடிச்சு... பின்னால..."

இளையவள் தடவிப் பார்த்தாள். முடிச்சு இறுகிக் கல்லாகிவிட்டிருந்தது. கழுத்துக்கும் சுற்றுக்கும் நடுவே ஒரு விரல்கூடப் போகவில்லை. மேலே கூப்பிட்டாள், தெருவில் கடைகளின் ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறும ஆரம்பித்திருந்தன. அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. போன் வெளிச்சத்தில் மூத்தவளின் முகம் ஊதிப் போயிருந்தது.

அப்போது விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியது. மேலே யாரோ பொத்தானிலிருந்து கையை எடுக்கவே இல்லை போலிருக்கிறது. லிஃப்ட் ஒரு சாண் எகிறி நின்றது. மறுபடி இருட்டு.

மூத்தவளிடமிருந்து இப்போது விசில் சத்தமும் வரவில்லை. அவள் கை மட்டும் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு தடவை கரண்ட் வந்தால் அவ்வளவுதான். போனைத் தரையில் வைத்துவிட்டுக் கத்தியை வெளியே எடுத்தாள். கை வியர்வையில் நகம் வழுக்கியது. மறுபடி வழுக்கியது. மூன்றாவது முறை நகமே பிய்ந்து வந்தது. வலி உச்சி மண்டைக்கு ஏறியது. மேலங்கி முனையால் அலகைக் கிள்ளிப் பிடித்துப் பல்லைக் கடித்து இழுத்தாள். 'டக்.' பாதி. 'டக்.'

கழுத்தருகே வைக்கப் பயமாக இருந்தது. கழுத்துக்கும் கிராதிக்கும் இடையில் சால்வை தந்திபோல் விறைத்திருந்த இடத்தில் வைத்து அழுத்தினாள். அவசரத்தில் முனையால் குத்தினாள். வில் விட்டுக்கொடுத்தது, அலகு மடங்க வந்தது. சட்டென்று கையை விலக்கிக்கொண்டாள். அப்போதுதான் புரிந்தது, இதைக் குத்தக் கூடாது. அலகின் வயிற்றைத் துணியில் படுக்கவைத்துத் தன் பக்கம் இழுத்தாள். கம்பளி 'பர்' என்றது. இன்னொரு இழுப்பு. விறைத்துக்கொண்டிருந்த துணி, தயாராகக் காத்திருந்த மாதிரி வாய் பிளந்தது. நான்கைந்து இழுப்பில் கடைசி இழை அறுந்து, வெளியே இருந்த துண்டு சுவரில் அறைந்தது.

மூத்தவள் பின்னால் சாய்ந்து வெல்வெட் சுருள்மேல் விழுந்தாள். சுற்று தளர்ந்ததும் கழுத்துக்குள் விரலை விட்டுப் பிய்த்து எறிந்தாள். இருமினாள். குமட்டினாள். இளையவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். இந்தப் பெண்ணின் முதுகை அவள் தொடுவது இதுதான் முதல் தடவை. எலும்பும் தோலுமாக இருந்தது. சாவிக்கொத்தின் கனத்தில் ஆள் பெரியவளாகத் தெரிந்திருக்கிறாள்.

இருமல் அடங்கியதும் மூத்தவள் கேட்ட முதல் கேள்வி, "அது ஏது?"

இளையவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "வாங்கினேன்."

"யாருக்கு?"

"எனக்கு."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கலக்கா."

இருட்டில் ஒரு கை நீண்டு வந்தது. "குடு, பாக்கலாம்."

இளையவள் கத்தியை மடித்துக் கொடுத்தாள். மூத்தவள் அதை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள். அவளுக்கு நீள நகம். ஒரே இழுப்பில் 'டக் டக்' என்று திறந்தது. மடக்கினாள். திறந்தாள். "சின்னதா இருக்கு" என்றாள். 'டக் டக்' சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

விளக்கு வந்தபோது அவர்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். லிஃப்ட் எந்தத் தடையும் இல்லாமல் சாவகாசமாக ஏறியது. மேலே கிராதியைத் திறந்த மாமனாரின் பார்வை முதலில் வெல்வெட்டின் மேல்தான் போயிற்று. அப்புறம்தான் மூத்த மருமகளின் கழுத்துச் சிவப்பைக் கண்டு பதறினார். மாமியார் ஓடி வந்தார். கணவன்மார் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"சால்வை மாட்டிக்கிச்சு" என்றாள் மூத்தவள் கரகரத்த குரலில். "இவதான் பிடிச்சு இழுத்தா. கிழிஞ்சிடுச்சு."

மாமியார் மிச்சச் சால்வையை எடுத்துப் பார்த்தார். "கிழிஞ்ச மாதிரி இல்லையே. வெட்டின மாதிரியில்ல இருக்கு?"

"உயிர் போகும்போது தையல் பாத்தா கிழிப்பாங்க?" என்றாள் மூத்தவள். அந்த வீட்டில் மாமியாரிடம் அப்படி யாரும் பேசிக் கேட்டதில்லை. மாமியார் சால்வையைக் கீழே வைத்தார். கத்தி மூத்தவளின் மேலங்கிப் பைக்குள் இருந்தது. இளையவளால் கேட்க முடியவில்லை. கேட்டால் பொய் அம்பலமாகிவிடும்.

அன்றைக்குக் கிடைக்கவில்லை. மறுநாளும் கிடைக்கவில்லை. மூத்தவள் எப்போதும்போல அவளைக் கடந்து போனாள், சாவிகள் குலுங்கின. தன் உயிரைக் காப்பாற்றியவளிடம் ஒரு வார்த்தை நன்றிகூட இல்லை. இளையவளுக்கு அந்த நன்றிகூட வேண்டாம், பொருள்தான் வேண்டும். கண்ணெதிரே போய்க்கொண்டிருந்த தன்னுடைய ஒரே பொருளைக் கேட்க நாக்கு எழவில்லை. கேட்காமல் இருந்தே பழகிய நாக்கு. பிய்ந்த நகம் மட்டும் இரவும் பகலும் தெறித்தது. லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவர் கிராதிக்கு உள்ளே கம்பிவலை அடிக்காமல் இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிப் பூட்டிவிட்டுப் போனார்.

வார நடுவில் ஒரு காலை, சமையலறையில் இருவரும் தனியாக இருந்தபோது மூத்தவளின் சுட்டுவிரலில் துணிக்கட்டைப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் ஏனோ துணிவு வந்தது.

"அக்கா, என் கத்தியைக் குடுங்க."

மூத்தவள் காய்ப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, "எது?" என்றாள்.

"உங்க விரலை வெட்டினது."

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மூத்தவள் குழாயை மூடினாள். "அழுத்திட்டேன். மடங்கிடுச்சு."

"அதுக்குப் பூட்டு கிடையாது. அழுத்தக் கூடாதுக்கா, இழுக்கணும்."

"படுத்தா கழுத்து இறுகற மாதிரியே இருக்கு" என்றாள் மூத்தவள். அவளைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். "தலையணைக்கு அடியில வெச்சிருந்தா தூக்கம் வருது. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே."

சரி என்று சொல்லத்தான் இளையவளுக்கு வாய் வந்தது. இந்த வீட்டில் அவள் எதற்குத்தான் சரி சொல்லவில்லை?

"உங்களுக்கு ஒண்ணு வாங்கித் தரேன்க்கா. இது என்னுது."

மூத்தவள் திரும்பி அவளை நன்றாகப் பார்த்தாள். உளவு பார்க்கிற பார்வை இல்லை அது; கடைக்கு வந்த புது ஆளைப் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து எடுத்து மேடைமேல் வைத்தாள். கொம்புப் பிடியில் அவள் உடம்புச் சூடு இருந்தது.

"எனக்குக் கொஞ்சம் பெரிசா வேணும்" என்றாள்.

அதற்குப் பிறகு மூத்தவள் கிடங்குப் பக்கமே தலை காட்டவில்லை. கிடங்குச் சாவியைக் கழற்றி இளையவளிடம் கொடுத்துவிட்டாள். எல்லாச் சுருளையும் படிவழியாக அவளே தோளில் தூக்கவேண்டியதாயிற்று. முதுகு ஒடிந்தது. ஜன்னலில்லாத அந்த அறையில் முன்னைவிட அதிக நேரம் அடைந்து கிடந்தாள். ஆனால் படியில் செருப்புச் சத்தம் கேட்பது நின்றுபோயிற்று. கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்டு, சுருள்மேல் உட்கார்ந்து, புதிதாக வளர ஆரம்பித்திருந்த நகத்தைப் பள்ளத்தில் வைத்து இழுப்பாள். எண்ணெய் ஊறியதாலோ கை பழகியதாலோ, அது இப்போது அவ்வளவு முரண்டு பிடிக்கவில்லை.

மேலேயிருந்து யாராவது அவளைக் கூப்பிடுவார்கள்.

"வரேன்" என்பாள். உடனே எழுந்திருக்க மாட்டாள்.