இரண்டு சம்பந்திகளும் இரண்டு டர்போ கார்களும்

1

என் மூக்குக்கண்ணாடியின் திருகு கழன்றதால்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். இதைவிட உயர்வான காரணம் ஒன்றைச் சொல்ல ஆசைதான், ஆனால் இல்லை.

திருகைப் போட்டுக்கொள்ள வழக்கமான கடைக்குப் போனேன். கடைக்காரர் என் அண்ணனின் சம்பந்தி. இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் சம்பந்தி. அண்ணன் மகளும் அவர் மகனும் விவாகரத்துக்கு மனுப் போட்டிருக்கிறார்கள்.

அவர் சின்ன ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"வண்டி எப்படி ஓடுது?"

எனக்குக் கார் இல்லை, ஓட்டவும் தெரியாது. அவர் அண்ணனின் வண்டியைக் கேட்கிறார். அண்ணனையே கேட்கிறார் என்பதும் புரிந்தது.

"புது டர்போ போட்டிருக்கார். முன்னதைவிடப் பெருசாம்."

"பக்கத்துல உக்காந்து யார் பார்க்கறா?"

"யாரும் இல்ல. லேப்டாப்பைப் பக்கத்து சீட்ல வச்சு, அதுக்கு பெல்ட் போட்டுட்டுப் போறார்."

ஸ்க்ரூடிரைவர் நின்றது. மறுபடி சுற்றத் தொடங்க வெகுநேரம் ஆனது. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "ரப்பர் கருகும் நாற்றத்தையும் எஞ்சின்களின் உறுமலையும் கிழித்துக்கொண்டு அந்த வெள்ளைக் கார்" — வேண்டாம். அவர்கள் பந்தயம் விடும் இடத்துக்கு நான் போனது ஒரே ஒரு முறை. அதுவும் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

இரண்டாம் தொடக்கம்: "போட்டி என்பது நட்பின் இன்னொரு" — கட்டுரைப் போட்டியில் ஆறுதல் பரிசு கிடைக்கும். அடித்துவிட்டேன்.

மூன்றாவது கொஞ்சம் தேறும். கல்யாணம் பேச இரு வீட்டாரும் கூடிய அன்று, பெண்ணின் அப்பாவையும் பையனின் அப்பாவையும் காணவில்லை. தேடிப் போனால், தெருவில் நின்ற காரின் பானெட்டுக்குள் இருவரும் தலையை விட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணி கத்தினார்.

"உள்ள ரெண்டு பேர் வாழ்க்கையைப் பத்திப் பேசிட்டிருக்கோம். இங்க என்ன பண்றீங்க?"

அண்ணன் தலையை வெளியே எடுக்கவே இல்லை. "நீங்க பேசி முடிங்க. எங்களுக்கு முழுச் சம்மதம்."

அன்று எல்லோரும் சிரித்தோம். இப்போது எழுதும்போது சிரிப்பு வரவில்லை.

3

கார் பிடிக்காத வாசகர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகக் கூடாது. நானே பிடிக்காமல்தான் எழுதுகிறேன்.

இரண்டும் குட்டிக் கார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடவும் காய்கறி வாங்கவும் செய்யப்பட்டவை. அண்ணனுடையது வெள்ளை, சம்பந்தியுடையது நீலம். டர்போ என்பது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சின்னச் சக்கரம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். எவ்வளவு என்பதைக் காரின் கணினிக்கு ஓட்டிப் பார்த்துத்தான் கற்றுக்கொடுக்க முடியும். கணக்குத் தப்பினால் எஞ்சினுக்குள் ஏதோ தட்டும். தட்ட விட்டால் பிஸ்டன் உடையும்.

ஆகவே ஒருவர் முழு வேகத்தில் ஓட்ட, இன்னொருவர் பக்கத்தில் மடிக்கணினியோடு உட்கார்ந்து எண்களைப் பார்க்க வேண்டும். தட்டும் அறிகுறி தெரிந்தால் பார்ப்பவர் "காலை எடுங்க" என்பார். ஓட்டுபவர் அந்த நொடியே காலை எடுக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. அவர்களுக்குள் இருந்த ஒரே சட்டம் அது.

(இதில் எனக்குப் பல காலம் விளங்காத ஒன்று உண்டு. மாதம் ஒரு ஞாயிறு, ஊருக்கு வெளியே விமானங்கள் வராமல் போன ஓடுதளத்தில் இருவருக்கும் பந்தயம். அண்ணன் வண்டிக்குப் பெட்ரோல் கணக்கை அமைத்தவர் சம்பந்தி. சம்பந்தி வண்டிக்கு அமைத்தவர் அண்ணன். ஜெயிக்க வேண்டுமானால் எதிராளியின் வண்டியில் கொஞ்சம் மெத்தனமாக இருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. இருவரும் அப்படி இருந்ததே இல்லை.)

4

இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தின் மீதே சந்தேகம் வருகிறது. அண்ணனை ரொம்ப நல்லவராக எழுதுகிறேனோ? கூடப் பிறந்த பாசம் பேனாவுக்குள் புகுந்துவிடும்.

சரி, குறையையும் எழுதிவிடுகிறேன். தோற்றால் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்வார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. தோற்ற வாரத்தில் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அங்கிருக்கும் காவலாளியோடு சண்டை. ஒருமுறை நீல வண்டியிடம் படுதோல்வி. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தவர், திடீரென்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த வண்டி என்னமா இழுத்துச்சு தெரியுமா? யார் செட் பண்ணது? நான்!"

சொல்லிவிட்டு மறுபடி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டார்.

5

அண்ணன் மகள் இரண்டு பெட்டிகளோடு திரும்பி வந்தாள். அடித்தான், குடித்தான் என்று எதுவும் இல்லை. ஒரே வீட்டில் இருவரும் நாளுக்கு நாள் ஊமையாகிக்கொண்டிருந்தோம் என்றாள். எனக்கு அது போதுமான காரணமாகப் பட்டது. அண்ணிக்குப் படவில்லை. யார் மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது, நீலக் கார் வாசலுக்கு வருவது நின்றுபோனது.

நான் அண்ணனிடம் கேட்டேன், வேறு யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்தால் என்ன என்று.

"வேற ஒருத்தன் காலை எடுங்கன்னா நான் ஏன்னு கேப்பேன். கேக்கறதுக்குள்ள பிஸ்டன் போயிடும்."

"பழைய டர்போவையே மாட்டிக்கோங்களேன். அதுக்குக் கணக்கு ஏற்கெனவே போட்டாச்சே."

"அதுக்கு வண்டியை வித்துடலாம்."

"அப்ப அவருக்கே ஒரு போன் போட்டா என்ன?"

அவர் போனை எடுத்துக் காட்டினார். திரையில் 'சம்பந்தி' என்று இருந்தது.

"அவர் எடுத்ததும் முதல் வார்த்தை என்ன சொல்றது? இத்தனை வருஷமா ஒரே வார்த்தைதான் கூப்பிட்டிருக்கேன். அதைச் சொன்னா பக்கத்து ரூம்ல பொண்ணு காதுல விழும்."

போனை அவர் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தேன்.

அவர் இப்படித் தனியாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்பது எனக்கே தெரிகிறது. முழு வேகத்தில் போகும்போது கண் ஓடுதளத்திலிருந்து பக்கத்துத் திரைக்குப் போகும். பிஸ்டன் உடைந்தால் வேறு வாங்கலாம். என் பயம் பிஸ்டனைப் பற்றியது அல்ல.

6

இதுவரை எழுதியதை அண்ணன் மகள் படித்தாள். அனுமதி கேட்காமல் அவளை எழுதியிருக்கிறேன், படிக்கக் கொடுக்காமல் இருக்க முடியாது. படித்து முடித்துக் காகிதங்களை ஒழுங்காக அடுக்கினாள்.

"அத்தை, என்னாலதான் அவங்க ரெண்டு பேரும் பிரிஞ்சாங்கன்னு வருது."

"அப்படி எழுதலையேம்மா."

"எழுதல. ஆனா வருது. என் கல்யாணம் முடிஞ்சதை நான் தாங்கிப்பேன். அப்பாவோட ஒரே சிநேகிதமும் அதோட முடிஞ்சுதுன்னா, அதையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பு இல்ல."

பிறகு கேட்டாள். "முடிவு என்ன?"

7

முடிவு ஒன்று: ஞாயிற்றுக்கிழமை காலை நீலக் கார் ஓடுதளத்துக்கு வருகிறது. கண்ணாடிக் கடைக்காரர் இறங்கி, வெள்ளைக் காரின் கதவைத் திறந்து — எழுதும்போதே கை இனித்தது. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை. அவருக்கும் ஒரு மகன் இருக்கிறான். அன்று கடையில் என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுக்கும்போது அவரே சொன்னார்: "நான் வந்தா என் பையன் என்ன நினைப்பான்? தன்னை விட்டுட்டு அந்தப் பக்கம் போயிட்டேன்னு நினைக்க மாட்டானா?" கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

முடிவு இரண்டு: யாரும் வரவில்லை. வெள்ளைக் கார் ஓடுதளத்தில் வேகமெடுக்கிறது. அண்ணனின் கண் பக்கத்துத் திரைக்குத் திரும்பி

இதை என்னால் முடிக்க முடியாது. புள்ளி வைக்கக்கூட மனம் வரவில்லை.

முடிவு மூன்று: அண்ணன் காரை விற்றுவிடுகிறார். இது அண்ணியின் முடிவு. அடுப்படியிலிருந்து சொன்னார், சேர்த்துக்கொண்டேன்.

8

முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறேன் என்று எழுத்தாளர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் அது சோம்பல். நான் சோம்பலால் சொல்லவில்லை. அண்ணன் மகளைத் தவிர, இந்தக் கதைக்கு இப்போதைக்கு ஒரே ஒரு வாசகர். பத்திரிகைக்கு அனுப்புமுன் ஒரு பிரதியை நாளைக் காலை கண்ணாடிக் கடையில் வந்து கொடுத்துவிடுவேன். ஆம், உங்களிடம்தான்.

உங்கள் மகனைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பதில் இன்னும் என்னிடம் இல்லை. அவனுக்கும் இதைக் காட்டுங்கள். அவனைப் பற்றித் தவறாக ஒரு வரி இருந்தாலும் அடித்துவிடுகிறேன். அண்ணியிடமும் பேசிவிட்டேன். "ரன்வேல என்ன வேணா பண்ணிக்கட்டும். வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர வேணாம்" என்றார். பாதிச் சம்மதம்தான், அதற்கு மேல் பொய் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் அண்ணன் கிளம்பிவிடுவார். நீங்கள் வந்தால் ஓடி வந்து கட்டிப்பிடிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல் சும்மா நிற்பார். அது கோபம் இல்லை. முதல் வார்த்தையை நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும். அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாததால், அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.