பதினோரு அங்குல நாற்காலி

இந்தக் காலத்தில் எவனும் ஒரு பொருளைக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போவதில்லை. கொடுக்கும் முன் ஒரு படம், கொடுக்கும்போது ஒரு படம், ஆறு மாதம் கழித்து நலம் விசாரிக்கும் சாக்கில் இன்னொரு படம். வாங்கியவன் ஆயுசு முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும். திருகாணிக்கு இதெல்லாம் ஆகாது. சைக்கிள் கடையில் நாற்பது வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவர். பிடித்த பிடியை விடமாட்டார் என்று தெருவே வைத்த பெயர் அது.

அவருடைய ஒன்பது வயதுப் பேத்திக்கு ஒரு தொண்டு நிறுவனம் சக்கர நாற்காலி கொடுத்திருந்தது. மூன்றாவது படத்துக்கு இன்று வந்துவிட்டார்கள்: ஓர் அதிகாரி, அவரோடு பிள்ளைகளுக்குக் கைகால் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒருத்தி. கடை வாசலில் பேத்தி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், கைபேசியைத் தூக்கிய அதிகாரியின் கை பாதியில் நின்றது.

“என்ன பெரியவரே இது?”

“நாற்காலி.”

“நாங்க கொடுத்தது இது இல்லையே!”

“நீங்க கொடுத்ததுதான். அறுத்து ஒட்டினேன்.”

சொன்னது நிஜம். பேத்திக்குப் பிறந்ததிலிருந்தே இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை. வந்த நாற்காலியோ ஆஸ்பத்திரியில் பெரியவர்களைத் தள்ளிக்கொண்டு போவது. உட்காரும் இடம் பதினெட்டு அங்குலம். அதற்குள் அவள் ஓரமாகச் சாய்த்து வைத்த மூட்டை மாதிரி கிடந்தாள். சக்கரத்துக்குக் கை எட்டவில்லை. முன்சக்கரம் இரண்டும் உள்ளங்கை அளவு. வாசலைத் தாண்டினால் பள்ளிக்கூடம் வரைக்கும் சரளைக்கல் பாதை. அம்மா தள்ளியபோது முதல் கல்லிலேயே சக்கரம் மாட்டி, முகம் குப்புற விழுந்தாள். இரண்டாவது தடவை விழுந்து உதடு கிழிந்த அன்று திருகாணி ரம்பத்தை எடுத்தார். பதினெட்டைப் பதினொன்றாக்கினார். பின்னால் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளின் சக்கரம் இரண்டு. முன்னால் ஒரு முழம் தள்ளி, தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று. அம்மாவின் இடுப்பில் மூன்று வருஷம் பள்ளிக்கூடம் போனவள், மறுநாள் தானே உருட்டிக்கொண்டு போனாள்.

அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். “மாத்தி அமைச்ச நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கணும், அதுதான் விதி. கவலைப்படாதீங்க, புதுசு ஒண்ணு தருவோம்.”

“அதே அளவா?”

“எல்லாருக்கும் ஒரே அளவுதான். வளர்ற பிள்ளைதானே? போகப்போக சரியாயிடும்.”

“வளர்ற பிள்ளைன்னு செருப்பை ரெண்டு நம்பர் பெருசா வாங்கலாம். முதுகெலும்பை என்னய்யா பண்றது? கூனிக்கிட்டே வளரட்டுமா?”

பேத்தியின் அம்மாவான மருமகள் பதறிக்கொண்டு வந்தாள். “மாமா, கொஞ்சம் வாயை அடக்குங்க. பேரை அடிச்சிட்டாங்கன்னா இவங்க குடுக்கற மருந்தும் நின்னு போயிடும்.”

“நிக்கட்டும். இதைத் தொட்டா கை இருக்காது.”

“இது உடைஞ்சு பிள்ளை விழுந்தா யார் பொறுப்பு?” என்றார் அதிகாரி.

“உங்களுதுல ரெண்டு தடவை விழுந்தாளே, அப்போ எவன் வந்து பொறுப்பேத்துக்கிட்டான்?”

அதிகாரி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். “பாப்பா, அம்மாகிட்ட வா. மாமா இதை வண்டியில ஏத்தணும்.”

“இறங்கமாட்டேன்,” என்றாள் பேத்தி.

சொல்லிக்கொண்டே சக்கரத்தை ஓர் அழுத்து அழுத்தினாள். பிடி நழுவியது. நாற்காலி சரளையில் இறங்கித் தடதடவென்று ஓடியது. அதிகாரி பின்னாலேயே போனார். பளபளக்கும் செருப்பு கல்லுக்குக் கல் வழுக்கியது. பள்ளிக்கூட வாசலில் அவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு கூப்பிட்டாள். “புடிங்க பாக்கலாம்!”

அவர் பாதி வழியில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். பயிற்சி அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திருகாணி சிரிக்கவில்லை. சிரிக்கிறவர்களையும் அவர் நம்புவதில்லை.

பேத்தி திரும்பி வந்ததும் அந்த அம்மா மண்டியிட்டு உட்கார்ந்தாள். ஒட்டின இடங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். முதுகுப் பக்கம் விரல் விட்டுப் பார்த்தாள். பிறகு பேத்தியைத் தன் மடிக்கு மாற்றி, தொடையின் அடிப்பக்கத்தைக் காட்டினாள்.

“ஐயா, உங்க கைவேலையில குத்தம் சொல்ல முடியாது. ஆனா இங்கே பாருங்க.”

தோலில் விரல் நீளத்துக்குச் சிவந்த தடம். உட்காரும் இடத்தில் அவர் போட்ட பலகையின் விளிம்பு பட்ட இடம்.

“இவளுக்கு இங்கே உணர்ச்சி கிடையாது. புண்ணே வந்தாலும் வலிக்குதுன்னு சொல்ல மாட்டா. இப்படி ஆறாத புண்ணு வந்து போய்ச் சேர்ந்த பிள்ளைங்களை நான் பாத்திருக்கேன்.”

திருகாணி அந்தத் தடத்தையே பார்த்தார். அளந்து அறுத்தவர். ஆணி முனை ஒவ்வொன்றையும் அரத்தால் தேய்த்து, தன் உள்ளங்கையால் தடவிப் பார்த்தவர். தன் கைக்கு வலிக்காதது அவளுக்கும் வலிக்காது என்று இருந்துவிட்டார்.

“பாத்தீங்களா!” என்றார் அதிகாரி, மூச்சிரைக்க.

“சார், நீங்க தரப்போற புதுசுலயும் மெத்தை கிடையாது,” என்றாள் அந்த அம்மா திரும்பாமல். “நாலு அங்குல மெத்தை போட்டா இதுதான் இவளுக்குச் சரி. நாற்காலி பிள்ளைகிட்டயே இருக்கலாம்னு எழுதுங்க. நான் கையெழுத்துப் போடறேன்.”

அதிகாரி பள்ளிக்கூட வாசலைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார், எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள்.

“இதே மாதிரி இன்னும் முப்பது பிள்ளைங்களுக்கு வேணும்ங்கய்யா. மேலிடத்துல பேசறேன். அளவெடுத்துச் செஞ்சு தருவீங்களா?”

“முதல்ல பேசுங்க.”

“நம்பலையா?”

“உங்களை நம்பி ரெண்டு தடவை விழுந்து, உதடும் கிழிஞ்சது.”

“மாமா, கையெழுத்தே போட்டுட்டாங்களே!” என்றாள் மருமகள்.

“காகிதத்தை மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?”

திருகாணி பையை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். மெத்தை தைப்பவனின் கடை தெருக்கோடியில் இருந்தது. பேத்தியை நாற்காலியில் தூக்கி வைக்கப்போன மருமகளைத் தடுத்தார். “மெத்தை வர்ற வரைக்கும் மடியிலேயே வெச்சிரு. நாற்காலியைச் சங்கிலி போட்டுத் தூணோட பூட்டு. சாவியை இவங்க யார்கிட்டயும் குடுக்காதே.”

“ஐயா, நாங்க திருடங்க இல்லை!” என்றாள் பயிற்சி அம்மா.

அவர் திரும்பவில்லை. சரளையில் கால் வைத்து நடந்துகொண்டே இருந்தார்.