எண்ணெயோடு இரண்டு சோப்பு

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. என் தலையில் வந்து விடிந்தது. சமையல் எண்ணெய்க்கு அரசாங்கம் விலை நிர்ணயித்தது. நல்ல காரியம்தான். மளிகைக் கடை வைத்திருக்கும் என் அக்கா, அதைவிட அதிக விலை கொடுத்துத்தான் மொத்த வியாபாரியிடம் எண்ணெய் வாங்குகிறாள் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அக்கா யோசித்தாள். எண்ணெய் அரசு விலைக்கே. ஆனால் கூடவே இரண்டு சோப்பு வாங்க வேண்டும். சோப்புக்கு அரசு விலை வைக்கவில்லை, அக்கா வைத்தாள்.

(எங்கள் அலமாரியில் துணியைவிடச் சோப்பு அதிகம். தம்பியாயிற்றே என்று விட்டாளா என்ன.)

2

முதல் தொடக்கம்: ‘பேராசை பிடித்த அந்தக் கடைக்காரி கல்லாவில்...’

அடித்துவிட்டேன். நஷ்டத்துக்கு விற்று யார் கடை நடத்துவார்கள்?

இரண்டாவது: ‘சிறு வியாபாரியின் வயிற்றில் அடித்த அரசு...’

இதையும் அடித்தேன். கட்டுப்பாடு வருவதற்கு முன் விலை ஏறிய ஏற்றத்தில், அடுத்த வீட்டுத் தையல்காரர் வீட்டில் தாளிப்பதையே விட்டுவிட்டார்கள்.

வில்லன் கிடைப்பார் என்று மொத்த வியாபாரியிடம் போனேன். அவர் ஆலையைக் கைகாட்டினார். ஆலைக்கும் போனால் இது நாவலாகிவிடும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

3

நேற்று யாரோ போனில் புகார் சொல்லி, உணவு வழங்கல் துறை ஆய்வாளர் கடைக்கு வந்தார். அவரைக் கொடுமைக்காரராக எழுத ஆசைப்பட்டேன். மனுஷர் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

“சோப்பு வேண்டாம்னா எண்ணெய் தருவீங்களாம்மா?”

“தர மாட்டேன் சார்.”

“தருவேன்னு பொய்யாவது சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா விட்டுருவீங்களா?”

“மாட்டேன்.”

வெள்ளிக்கிழமை விசாரணை. உரிமம் போனால் கடை போச்சு. அக்காவுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

4

புகார் சொன்னது என் மனைவி. அக்காவுக்கு இது தெரியாது.

(கடைசிவரை மூடி வைத்திருக்க வேண்டிய விஷயம். எரிச்சலில் போட்டு உடைத்துவிட்டேன்.)

“உங்க அக்கான்னா ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமா? தையல்காரர் வீட்டம்மா சோப்புக்குக் காசில்லாம வெறுங்கையோட திரும்பினாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

நியாயம்தான். அதுதான் தலைவலி. இந்தக் கதையில் யாரைத் திட்டப் போனாலும் ஆளுக்கொரு நியாயத்தோடு வந்து நிற்கிறார்கள்.

5

முடிவு ஒன்று: அக்கா எண்ணெய் விற்பதையே நிறுத்திவிடுகிறாள். தையல்காரர் வீட்டுக்கு நியாய விலை உண்டு, எண்ணெய்தான் இல்லை.

முடிவு இரண்டு: அரசு மொத்த விலையையும் சேர்த்துக் கட்டுப்படுத்துகிறது. (சிரிக்காதீர்கள்.)

முடிவு மூன்று: என் மனைவி புகாரைத் திரும்பப்...

இந்த இடத்தில் அக்காவே வீட்டுக்கு வந்துவிட்டாள். மனைவி டீ கொடுத்தாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“விசாரணையில எனக்காக வாடிக்கையாளர் ஒருத்தர் பேசலாமாம். நீ வாம்மா. நீ பொய் பேச மாட்டேன்னு இந்தத் தெருவுக்கே தெரியும்.”

மனைவி கையை இழுத்துக்கொள்ளவில்லை.

“வர்றேன் அண்ணி. ஆனா உண்மையைத்தான் சொல்லுவேன்.”

“அது போதும்,” என்றாள் அக்கா. ஆய்வாளர் வந்தபோதுகூட அழாதவள் அப்போது அழுதாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமையை நான் எழுதப் போவதில்லை. எண்ணெய் வாங்குகிறவர்தானே நீங்களும்? நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.