நிற்க மறுத்த கால்கள்

இன்னும் ஒரே ஒரு நடைதான் பாக்கி. அதிலும் அவர் கால் ஒட்டிக்கொள்ளவில்லை என்றால் பன்னிரண்டாவது இடம் வேறு யாருக்கோ போய்விடும்.

ஓய்வுபெற்ற போக்குவரத்துக் காவலர் அவர். தெருவில் அவருக்குப் பெயரே ‘சிக்னல்’தான். ஐந்து வருடமாக நடுக்குவாதம், அதாவது பார்க்கின்சன் நோய். கை நடுங்குவதுகூடப் பழகிவிட்டது, கால்தான் வில்லன். நன்றாக நடந்துகொண்டே இருப்பார். குளியலறை வாசலில் திடீரென்று பாதம் தரையோடு பசை போட்டதுபோல் ஒட்டிக்கொள்ளும். உடம்பு முன்னால் போகும், கால் வராது. நான்கு முறை மனைவி தாங்கிப் பிடித்துவிட்டாள். ஐந்தாவது முறை இருவருமாக விழுந்தார்கள். அவள் மணிக்கட்டில் கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை.

அதனால்தான் இந்த நடை ஆய்வுக்கூடம். ஒட்டிக்கொள்ளும் கால்களுக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சி, பன்னிரண்டு பேருக்கு மட்டும். பதினோரு பேர் சேர்ந்தாயிற்று. மூன்று சோதனைகளில் ஒரு தடவையாவது கால் ஒட்டுவது கேமராவில் பதிவாக வேண்டும் என்பது விதி. வாய் வார்த்தை செல்லாது.

முதல் இரண்டு சோதனைகளில் மனிதர் ராஜநடை நடந்துவிட்டார். இன்று மூன்றாவது. அதில் இரண்டே நடை.

பயிற்சியை நடத்தும் ஆய்வாளர் சொன்னபடி, மாத்திரை வேகத்தில் கால் ஒட்டாமல் போய்விடக் கூடாதென்று காலை மாத்திரையைத் தள்ளிப் போட்டு, அரைக்கால் சட்டையோடு அழைத்து வந்திருந்தாள் மனைவி. இடுப்பு, முட்டி, கணுக்கால் எங்கும் கோலிக்குண்டு அளவு வெள்ளைப் பந்துகளை ஒட்டினாள் ஆய்வாளர். சுற்றிலும் எட்டு கேமராக்கள். நடக்கச் சொன்னாள்.

நடந்தார். பத்து மீட்டர், ஒரு திரும்பல், மறுபடி பத்து மீட்டர். கணினித் திரையில் அந்தப் பந்துகளை இணைத்து வரைந்த ஒரு குச்சி மனிதன் அவரோடு ஜோராக நடந்தான்.

மனைவிக்குப் பொறுமை போயிற்று.

“வீட்ல பாத்ரூம் போய்ச் சேர கால் மணி நேரம். இங்க வந்தா மாப்பிள்ளை மாதிரி நடக்கிறீங்க. யாரு பார்க்கணும்னு?”

“நான் என்ன வேணும்னா செய்றேன்? ஒட்டு, ஒட்டுன்னு நானும் சொல்லிப் பார்க்கிறேன். கேட்க மாட்டேங்குது.”

கேமராக்களைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பர் சிரிப்பை இருமலாக மாற்றினார். ஆய்வாளர் சிரிக்கவில்லை. விதியைத் தன்னால் வளைக்க முடியாது, அடுத்த ஆளுக்குத் தகவல் சொல்ல வேண்டியிருக்கும் என்றாள். எதற்கும் கடைசி நடையையும் பார்த்துவிடலாமாம்.

தன்னைப் பொய் சொல்கிறவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம் மனைவிக்கு. ஒட்டும் இடங்களையெல்லாம் கொட்டித் தீர்த்தாள். கதவு நிலை, கட்டில் ஓரம், லிஃப்ட் வாசல், கூட்டத்தில் யாராவது குறுக்கே வந்தால்.

“ரோடு தாண்டும்போது மட்டும் பாருங்க. வெள்ளைக் கோடு மேல கால் வெச்சதும் சர்ருனு போயிடுவாரு. முப்பது வருஷம் ஊரையே நிறுத்தின திமிரு. அங்க மட்டும் ஐயா நிக்க மாட்டாராம்.”

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஆய்வாளரின் பேனா நின்றது.

மெல்லத் தலையைத் திருப்பி நடைபாதையைப் பார்த்தாள். சாம்பல் நிறத் தரை. அதன் குறுக்கே, அரை மீட்டருக்கு ஒன்றாக, வெள்ளை ஒட்டுநாடா.

யார் ஒட்டியது என்று கேட்டாள். தொழில்நுட்பர் விழித்தார். போன மாதம் கேமராக்களை மாற்றிப் பொருத்தியபோது தூரம் அளக்க அவர்தான் ஒட்டினார். மறுபடி தேவைப்படுமே என்று உரிக்காமல் விட்டுவிட்டார். அந்தப் பதினோரு பேரும் அதற்கு முன்பே நடந்து முடித்தவர்கள்.

ஆய்வாளர் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

“திமிர் இல்லம்மா. கண்ணு முன்னாடி கோடு இருந்தா, அதைத் தாண்டணும்னு மூளை வேற வழியில உத்தரவு போடுது. இந்தத் துறையில முதல் பாடமே அதுதான். நாங்களே கோட்டைப் போட்டு வெச்சுட்டு, ஒட்டலையேன்னு உட்கார்ந்திருக்கோம்.”

தொழில்நுட்பர் மண்டியிட்டு நாடாக்களை உரித்தார். நம்ம ‘சிக்னல்’ அவர் பக்கத்தில் நின்று, விட்டுப்போன துண்டுகளுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு கடைசி நடை. அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்தபடி தொழில்நுட்பரும் கூடவே போனார்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது அடி குட்டையாக விழுந்தது. ஐந்தாவது அதைவிடக் குட்டை. திரும்பும் இடம் வந்தது.

நின்றார்.

குதிகால் எழும்பியது, விரல் நுனி எழும்பவில்லை. முட்டி வெடவெடத்தது. திரையில் குச்சி மனிதனும் வெடவெடத்தான். ஏழு விநாடி. பதினொன்று. பதினான்கு.

“பதிவாச்சா?” தலையைத் திருப்பாமலே கேட்டார்.

“அருமையா ஆச்சு சார்,” என்றாள் ஆய்வாளர்.

“அப்ப யாராச்சும் கிளப்பி விடுங்க. டூட்டி முடிஞ்சுது.”

மனைவி எழுந்து வந்தாள். வழக்கம்போல் கையைப் பிடித்து இழுக்கவில்லை. ஒரு கணம் யோசித்தாள். அவர் பாதத்துக்கு முன்னால் தன் பாதத்தைக் குறுக்கே நீட்டினாள்.

அவர் குனிந்து பார்த்தார். காலைத் தூக்கி அதைத் தாண்டி வைத்தார். அடுத்த காலும் வந்தது. அதற்கடுத்ததும்.

ஆய்வாளர் பன்னிரண்டாவது வரியில் அவர் பெயரை எழுதினாள். மனைவி அதைப் பார்க்கவில்லை. அவள் அடுத்த திருப்பத்தில் காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

“பார்த்துங்க. மிதிச்சீங்கன்னா பதிமூணாவது ஆளா நானும் வரணும்.”