கூடுதல் பஸ் வேண்டி ஒரு மனு

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஒரு பெண் என்னிடம் எழுதித் தரச் சொன்ன மனு இது. அப்போது எழுதாமல் விட்டதை, எட்டு வருஷம் கழித்து, கதை என்று பெயரை மாற்றி எழுதுகிறேன். மனு என்றால் யாராவது பதில் சொல்லவேண்டும். கதைக்கு அந்தத் தொல்லை இல்லை.

என் பெயர் நல்லமுத்து. கொல்லிமலைமேல் செம்மேட்டில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே, டீக்கடை ஓரமாக மேஜை போட்டு மனு எழுதுகிறவன். பட்டா, முதியோர் பென்சன், சாதிச் சான்று, எதுவானாலும் சரி. எனக்கு ஊர் அடிவாரம். காலை பஸ்ஸில் எழுபது கொண்டை ஊசி வளைவும் ஏறி மேலே வருவேன், சாயங்காலம் இறங்குவேன். இலக்கியமும் உண்டு. வார இதழ்களில் நான்கு கதைகள் வந்திருக்கின்றன. நான்கிலும் கதாநாயகி கடைசியில் அழுவாள். இந்தக் கதையில் அவள் அழவில்லை. அதனால் எப்படி முடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

2.

தொடக்கம் ஒன்று: "மூடுபனி மலையைப் போர்த்தியிருந்த ஓர் இளங்காலையில், இருசாயி..."

அடித்துவிட்டேன். கொல்லிமலையில் கதை என்றால் பனி முதல் வரியிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அன்றைக்குப் பனியே இல்லை. நல்ல வெயில், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. (இதை ஞாபகம் வையுங்கள். பின்னால் எனக்கு எதிராகப் பயன்படும்.)

தொடக்கம் இரண்டு: "பத்தொன்பது வயது இருசாயியைப் பார்ப்பவர்கள் மறுபடி ஒருமுறை திரும்பிப்..."

இதையும் அடித்துவிட்டேன். அவள் அழகாக இருந்தாளா என்று பேச ஆரம்பித்ததுமே நான் எதிர்த் தரப்பு வக்கீலாகிவிட்டேன் என்று எனக்கே உறைத்தது.

தொடக்கம் மூன்று: "பெண்கள்மீதான பாலியல் வன்முறையை நவீன சமூகம் இயல்பான ஒன்றாக ஆக்கிவிட்டதா என்னும் வினா இன்று..."

கல்லூரிக் கட்டுரைப் போட்டி மாதிரி இருக்கிறது. ஆனால் வினாவை மட்டும் அடிக்காமல் வைத்துக்கொள்கிறேன். தேவைப்படும்.

தொடக்கம் நான்கு, சாதா. இருசாயி மலைமேல் குண்டூர் நாட்டுப் பெண். பகலெல்லாம் அப்பனோடு காட்டு வேலை. சாயங்கால பஸ்ஸில் அடிவாரம் இறங்கி டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, சின்னம்மா வீட்டில் தங்கி, காலை பஸ்ஸில் திரும்பி வருவாள். அப்பன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். பஸ்ஸில் அவளைப் பற்றி ஏதாவது பேச்சு வந்தால் அன்றோடு படிப்புக்கு முழுக்கு. பேச்சு யாரால் வந்தாலும் சரி.

நிபந்தனையை மறுபடி படித்துப் பாருங்கள். தப்பு செய்கிறவனுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

3.

பஸ்ஸில் இடது வரிசை மூன்றாவது சீட்டில் நடைபாதை ஓரமாக இருசாயி. ஜன்னல் பக்கம் ஜுலைகா பீவி. அடிவாரத்து ஜவுளி வியாபாரி, செம்மேட்டுச் சந்தைக்கு வாராவாரம் நைட்டி மூட்டையோடு ஏறுகிறவர். இருசாயியை ஒட்டி நடைபாதையில் நின்றவர், தோளில் வெள்ளைத் துண்டு போட்ட ஒரு பெரிய மனிதர். பெயர் எனக்குத் தெரியும். கதையில் துண்டுக்காரர் என்றே இருக்கட்டும். (பெயர் போட்டால் வம்பு. அவருக்கு மூன்று ஊரில் சொந்தம்.) அவருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்தபடி நான்.

ஒவ்வொரு வளைவிலும் துண்டுக்காரர் இருசாயிமேல் சாய்ந்தார். கை எங்கே போனது என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அந்த வரியைப் படிக்கவென்றே சிலர் வருவார்கள். வேண்டுமென்றே போனது என்பது போதும்.

அவள் முதலில் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு பையை நடுவில் வைத்தாள். பிறகு கண்டக்டரைக் கூப்பிட்டாள்.

"வளைவுன்னா சாயத்தான் செய்யும். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா," என்றார் கண்டக்டர்.

ஜுலைகா பீவி தன் வளையலில் கோத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். "இத வெச்சுக்க கண்ணு. இருவது வருசமா மலையேறுறேன். ஆம்பளைக்கு ஒரு டிக்கெட்டு, நமக்கு ரெண்டு. இது ரெண்டாவது."

நல்ல மனுஷி. அந்த ஊக்கை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அம்மா கொடுத்திருப்பார். வயசுக்கு வந்த பெண்ணுக்குப் பாவாடை தாவணியோடு ஊக்கும் கொடுத்துவிடுகிறோம், பையனுக்கு ஒன்றும் சொல்லி அனுப்புவதில்லை. (தொடக்கம் மூன்றில் அடிக்காமல் வைத்த வினாவுக்கு இதைவிடப் பெரிய பதில் எனக்குத் தெரியாது. கட்டுரைப் போட்டிக்காரர்கள் எடுத்துக்கொள்ளலாம்.)

இருசாயி ஊக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள். பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"ஏனுங்க, பஸ்ஸு எடப்பக்கம் திரும்புனா நம்ம எல்லாருமே வலப்பக்கந்தானுங்க சாயறோம். இவரு மட்டும் எப்படீங்க எந்தப் பக்கம் திரும்புனாலும் எம்மேலயே சாயறாரு?"

பஸ் ஒரு நொடி யோசித்தது. பிறகு சிரித்தது. "பாப்பா பாடம் நடத்துதுங்கோ!" என்று பின்னாலிருந்து ஒருவர் சத்தம் போட்டார். அறுபது பேரும் சிரித்தோம். துண்டுக்காரரும் சிரித்தார். ஆமாம், 'சிரித்தோம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். நானும் சிரித்தேன். வெயிலில் எல்லாவற்றையும் பார்த்த பிறகு, அவர் முதுகுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு.

4.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"மனு எழுதோணுங்கண்ணா."

"என்னன்னு சாமி?"

"நீங்களுந்தான பாத்தீங்க. பாத்தத எழுதுங்க."

பேனாவைத் திறந்தேன். இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிச் சொல்லவேண்டும். மனு எழுதுகிறவன் ஆள் சொல்வதை எழுதுவதில்லை, ஆபீஸுக்குப் பிடித்ததை எழுதுவான். பசி என்று வந்தால் 'வறுமைக் கோட்டிற்குக் கீழ்' என்று எழுதுவேன். பக்கத்துக் காட்டுக்காரன் வெட்டினான் என்று வந்தால் 'எல்லைத் தகராறு'. இருசாயி சொல்லச் சொல்ல என் கை தானாகவே இப்படி எழுதியது:

'பொருள்: மலைப்பாதையில் கூடுதல் பேருந்து இயக்க வேண்டுதல். ஐயா, காலைப் பேருந்தில் அளவுக்கு மீறிய கூட்டம் காரணமாக, வளைவுகளில் பயணிகள் ஒருவர்மீது ஒருவர் சாய நேர்ந்து, மகளிருக்குப் பெரிதும் அசௌகரியம் ஏற்படுகிறது...'

"அவரு சாஞ்சத எழுதலீங்களே?"

"எழுதிருக்கனே சாமி. 'ஒருவர்மீது ஒருவர்'."

"நான் யாருமேலயும் சாயலீங்களே."

நியாயமான கேள்வி. ஆனால் நான் அவள் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று நினைத்தேன். (நல்லதுக்குத்தான் என்ற சொல்லைப் பார்த்தால் இனி நீங்களும் சந்தேகப்படுங்கள்.) உள்ளதை எழுதினால் அப்பன் காதுக்குப் போகும், படிப்பு நின்றுவிடும், இப்படி எழுதினால் பேர் கெடாது என்று விளக்கினேன். பெண்ணின் படிப்பைச் சொல்லிப் பெண்ணையே வாயடைக்கும் இந்த வித்தையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

என்னை மட்டும் திட்டாதீர்கள். அதற்கு முந்தின வருஷம்தான் இதற்கென்றே தனிச் சட்டம் வந்திருந்தது. பேப்பர்க்காரர்கள் அப்போதும் 'பஸ்ஸில் சில்மிஷம்' என்றுதான் தலைப்புப் போட்டார்கள். சில்மிஷம்! குழந்தை சர்க்கரை டப்பாவைத் திறந்ததுபோல. இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போனால் 'மானபங்கம்' என்பார்கள். செய்தவன் மானத்துக்கு ஒரு கீறலும் இல்லை, பங்கமெல்லாம் அவளுக்குத்தான். இப்படிப்பட்ட சொற்களை வைத்துக்கொண்டுதான் நான் பிழைக்கிறேன்.

அவள் கையெழுத்துப் போட்டாள். வேறு வழி இல்லை என்று நினைத்திருக்கவேண்டும்.

5.

இனி வருவதை யாரும் நம்பமாட்டார்கள். கூடுதல் பஸ் வந்துவிட்டது.

என் வாழ்நாளில் நான் எழுதிய மனுக்களில் இத்தனை சீக்கிரம் பலித்தது வேறில்லை. செம்மேட்டில் பஸ்ஸுக்குச் சந்தனம் தடவி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார்கள். மனுதாரர் என்று இருசாயியைக் கூப்பிட்டு ஆரத்தி எடுக்கவிட்டார்கள். ஊர்ப் பிரமுகர்கள் சார்பில் எனக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். போர்த்தியவர் யார் என்று கேட்கிறீர்களா? தோளில் துண்டு இருந்தவர்தானே போர்த்தமுடியும்.

புது பஸ்ஸில் கூட்டமே இல்லை. அதனால் மறுநாள் துண்டுக்காரருக்கு நிற்கவேண்டிய அவசியம் வரவில்லை. இருசாயிக்குப் பக்கத்து சீட்டே கிடைத்தது.

6.

இரண்டு மாதம் கழித்து அவள் மறுபடி வந்தாள். கையில் ஒரு தாள். அவளே டைப் அடித்தது. எழுத்துகள் கொஞ்சம் மேலும் கீழுமாகக் குதித்திருந்தன, ஆனால் வாசகம் நேராக இருந்தது. யார், எந்தப் பஸ், என்ன செய்தார், எத்தனை நாள். பஸ்ஸில் கேட்ட அந்தக் கேள்வியும் வார்த்தை மாறாமல் இருந்தது. அடியில் 'சாட்சி' என்று அடித்து ஒரு கோடு போட்டிருந்தாள்.

"நீங்க ஒண்ணும் எழுத வேண்டாமுங்கண்ணா. கையெழுத்து மட்டும் போடுங்க. பாத்தவங்கள்ல ஒருத்தராவது போட்டாத்தான் இத எடுத்துக்குவாங்களாம்."

"அப்பனுக்குத் தெரிஞ்சா படிப்பு?"

"அத நான் பாத்துக்கறேனுங்க. நீங்க பாத்தத மட்டும் சொல்லுங்க."

தாளை வாங்கி இரண்டு முறை படித்தேன். ஒரு தவறும் இல்லை. கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்.

"இடதுபக்கம் விளிம்பு விடலியே சாமி. ஆபீசுல ஓட்டை போட்டு நூல் கோக்க இடம் வேணும். விளிம்பு இல்லாட்டி வாங்கமாட்டாங்க. திருப்பி அடிச்சுட்டு வா."

மறுநாளே வந்தாள். இடதுபக்கம் இரண்டு அங்குலம் தாராளமாக விட்டிருந்தாள். நான் தாளை மேஜை டிராயரில் வைத்து, "வெச்சுட்டுப் போ கண்ணு, பாத்துப் போட்டு வைக்கிறேன்," என்றேன்.

நான்கு நாள் தொடர்ந்து வந்து கேட்டாள். ஐந்தாம் நாள் வரவில்லை. பேச்சு எப்படியோ குண்டூர் நாடு வரைக்கும் போயிருந்தது. அப்பன் நிபந்தனையை நிறைவேற்றினார். அவள் படிப்பை விடவில்லை, வீட்டை விட்டாள். அடிவாரத்தில் சின்னம்மாவோடு தங்கி பரீட்சை எழுதித் தேறினாள். அதற்குப் பிறகு அவள் மலையேறி நான் பார்க்கவில்லை. அப்பனும் அவளைப் பார்க்க இறங்கி வந்ததில்லை. துண்டுக்காரர் இன்றும் காலை பஸ்ஸில்தான் வருகிறார்.

இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

7.

முடிவுகள்.

(அ) பஸ்ஸில் அறுபது பேரும் எழுந்து நிற்கிறார்கள். டிரைவர் வண்டியை நிறுத்துகிறார். துண்டுக்காரர்... சினிமா. அடித்துவிட்டேன்.

(ஆ) ஜுலைகா பீவியின் ஊக்கு துண்டுக்காரர் தொடையில் இறங்குகிறது. அவர் அலறுகிறார். எழுத எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் வேறு சீட்டுக்குப் போவார், அங்கே வேறொரு பெண் இருப்பாள்.

(இ) மனு எழுதுகிறவன் டிராயரைத் திறந்து, பேனாவை எடுத்து...

இந்த வரியை மூன்று வாரமாக முடிக்கமுடியவில்லை. முடித்தால் பொய்யாகிவிடும்.

எனவே ஒரு காரியம் செய்தேன். பத்திரிகைக்குக் கதையைக் கணினியில் அடித்து அனுப்பவேண்டுமாம். எனக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். அடிவாரத்தில் ஜுலைகா பீவியின் மகள் காமிலா ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறாள். அங்கே தட்டச்சு செய்கிறவள் இருசாயி. இதுவரை நீங்கள் படித்த எல்லாவற்றையும் அவள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நேரில் மன்னிப்புக் கேட்கத் துப்பில்லாதவன் கதையாகக் கொடுத்து அடிக்கச் சொல்கிறான் என்று நீங்கள் நினைத்தால், சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள்.

முடிவை அவளே எழுதிக்கொள்ளட்டும் என்று கடைசித் தாளில் குறித்திருக்கிறேன்.

8.

(தட்டச்சு செய்தவர் குறிப்பு.)

அண்ணா, நீங்க அடிச்சுவிட்ட வரிங்களையும் சேத்து அடிச்சிருக்கேனுங்க. அதுதான் உண்மையா இருந்துச்சு.

ரெண்டு விசயம். துண்டுக்காரர்னு போட்டிருக்கீங்க. அவரு பேரு சின்னுசாமி. எல்லா எடத்துலயும் மாத்தலாம்னு பாத்தேன், உங்க கதையில கை வைக்கக்கூடாதுன்னு உட்டுட்டேன். இந்தக் குறிப்பு நான் எழுதறது. இதுல பேரு இருக்கும்.

இன்னொண்ணு, முடிவ நான் எழுதிக்கணும்னு சொல்லியிருக்கீங்க. நான் எழுதவேண்டியத எட்டு வருசத்துக்கு முன்னாடியே எழுதிட்டனுங்க. மறுபடி மறுபடி எங்கிட்டயே கேட்டா எப்படீங்க? பாக்கி இருக்கறது என்னோட வேலை இல்லீங்க.

அந்த மனுத் தாளு உங்க டிராயர்லயே மக்கியிருக்கும். அதனால இந்தக் கடைசிப் பக்கத்த அதே மாதிரி அடிச்சிருக்கேன். அன்னைக்கு பஸ்ஸுல அறுவது பேரு இருந்தாங்க. அவங்கள்ல யாரு வேணாலும் போடலாம். கதை படிக்கறவங்களும் ஏதோ ஒரு பஸ்ஸுல போயிருப்பாங்க, ஏதோ ஒண்ணப் பாத்திருப்பாங்க. அவங்களும் போடலாமுங்க. எடதுபக்கம் ரெண்டு அங்குலம் விளிம்பு விட்டிருக்கேன்.

சாட்சி: ______________________